ஆல்பங்களின் ஆண்டு நிறைவு: நாட்காட்டி போடுவது முதல் முழுதாகக் கேட்பது வரை

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 17 அன்று, ஜாஸ் இசைக்கலைஞர் மைல்ஸ் டேவிஸ் டிரம்பெட்டை உதட்டில் வைத்திருக்கும் அந்த அட்டைப்படம் சமூக வலைத்தளங்களில் வலம் வரத் தொடங்கிவிடும். 'கைண்ட் ஆஃப் புளூ' 1959-இல் வெளியான நாள் அது. படத்தைப் பகிர்பவர்கள் ஏராளம். அந்த ஆல்பத்தின் ஐந்து உருப்படிகளையும் வரிசை மாறாமல் அன்றைக்கு உட்கார்ந்து கேட்பவர்கள் குறைவு என்றே நினைக்கிறேன். மொத்தமே முக்கால் மணி நேரம்தான்.

இந்த வழிகாட்டி கேட்க விரும்புகிறவர்களுக்கானது. ஆண்டு நிறைவை வாழ்த்துச் செய்தியோடு முடித்துவிடாமல், ஓர் ஆல்பத்தை அது வெளிவந்த வடிவத்திலேயே முதலிலிருந்து முடிவுவரை கேட்கும் நாளாக ஆக்கிக்கொள்ள முடியும். அதற்குச் சரியான தேதி வேண்டும், சரியான பதிப்பு வேண்டும், கொஞ்சம் முன்தயாரிப்பும் வேண்டும். தேதியைத் தேடப் புகுந்தால் அந்தத் தேடலே இசைத்துறையின் வரலாற்றுக்குள் நம்மை இழுத்துச் சென்றுவிடுகிறது. அந்தப் பகுதியை விரிவாக எழுதியிருப்பதற்குக் காரணம் அதுதான்.

முதல் படி: பட்டியல் போடுவது

மாதத்துக்கு இரண்டு ஆல்பங்கள் போதும். நாளுக்கொன்று என்று தொடங்கினால் இரண்டாவது வாரத்திலேயே அது கடமையாகிவிடும். கேட்பதில் இருக்கும் ஆசை போய்விடும். தனக்குப் பிடித்த ஒரே இசைவகையைக் கொண்டு பட்டியலை நிரப்பிவிடவும் கூடாது. பாதி இடங்களை ஏற்கெனவே தெரிந்த ஆல்பங்களுக்கும், மீதியைப் பெயர் மட்டும் கேள்விப்பட்ட, இதுவரை காது கொடுக்காத வகைகளுக்கும் ஒதுக்குங்கள். ஆண்டு நிறைவின் பெரிய பயனே அதுதான். நாமாகத் தேடிப் போகாத ஓர் இசையைத் தேதி நம் முன்னால் கொண்டுவந்து வைக்கிறது.

பிப்ரவரி மாதத்தையே பாருங்கள். 10-ஆம் தேதி கரோல் கிங்கின் 'டேபஸ்ட்ரி', 1971. பியானோவும் குரலுமாக வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பாடுவது போன்ற நெருக்கம். அமெரிக்கத் தரவரிசையில் தொடர்ந்து 15 வாரம் முதலிடத்தில் இருந்தது. மூன்றே நாள் கழித்து 13-ஆம் தேதி, 'பிளாக் சபாத்' குழுவின் முதல் ஆல்பம். 1970-இல் அந்தத் தேதி வெள்ளிக்கிழமையில் விழுந்தது. வெள்ளியன்று வரும் 13-ஐ அபசகுனமாகக் கருதும் பிரிட்டனில், மழையும் இடியும் தேவாலய மணியுமாகத் தொடங்கும் ஓர் ஆல்பத்துக்கு அதைவிடப் பொருத்தமான நாள் அமைந்திருக்க முடியாது. ஹெவி மெட்டல் என்ற உரத்த ராக் வகையின் பிறந்தநாளாகவே அதைப் பலர் எண்ணுகிறார்கள். அப்புறம் 25-ஆம் தேதி நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்', 1972. குரலும் கிட்டாரும், தலைப்புப் பாடலில் மட்டும் சிறிது பியானோவும். மொத்தம் 28 நிமிடம். இரண்டு இரவுகளில் பதிவானது. வெளியானபோது அதை வாங்க ஆளில்லை. ஒரே மாதத்துக்குள் இப்படி மூன்று வெவ்வேறு உலகங்கள் கிடைக்கின்றன.

மற்ற மாதங்களும் இப்படித்தான். மார்ச் 3 மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' (1986). ஏப்ரல் 19 ராப் இசையில் நாஸின் 'இல்மாட்டிக்' (1994). மே 21 சோல் இசையில் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' (1971). ஜூன் 3 பாப் மார்லியின் 'எக்ஸோடஸ்' (1977). 1976 டிசம்பரில் கிங்ஸ்டனில் தம் வீட்டில் சுடப்பட்டுத் தப்பியபின், மார்லி லண்டனில் இருந்தபடி உருவாக்கிய ரெகே ஆல்பம் அது. ஆகஸ்ட் 25 லாரின் ஹில்லின் தனி ஆல்பம் (1998). நவம்பருக்கு ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு மின்னணு இசையைப் பெருவாரியான மக்களிடம் கொண்டுசேர்த்த 'ஆட்டோபான்' (1974).

மேற்கத்தியச் செவ்வியல் இசையில் பாக், பேத்தோவன் என்று இசையமைப்பாளர்களின் பிறந்த நாளும் மறைந்த நாளும் விழாவாகின்றன. ஒலிப்பதிவுகளின் ஆண்டு நிறைவை யாரும் சீண்டுவதில்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. பியானோ கலைஞர் கிளென் கோல்டு 1955 ஜூனில் நியூயார்க்கில் பதிவுசெய்த பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' 1956 ஜனவரியில் வெளியானபோது, அந்த இசையைப் பற்றிய பொதுக் கருத்தே மாறிப்போனது. எந்த ராக் ஆல்பத்துக்கும் குறையாத நிகழ்வு அது. உங்கள் நாட்காட்டியில் ஜனவரிக்கு அதை எழுதிவையுங்கள்.

இரண்டாவது படி: எந்த நாள் அந்த ஆல்பத்தின் நாள்?

ஒலிப்பதிவு நாள், வெளியீட்டு நாள் என்று இரண்டு உண்டு. பெரும்பாலான ஆல்பங்களுக்கு வெளியீட்டு நாள்தான் சரி, ஏனென்றால் ஒலிப்பதிவு மாதக்கணக்கில் நீண்டிருக்கும். நேரடி நிகழ்ச்சிப் பதிவுகளுக்கு மட்டும் இதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டின் 'தி கோல்ன் கான்சர்ட்' இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. தட்டு வெளியானது 1975 நவம்பர் 30. ஆனால் அந்த இசை பிறந்தது அதே ஆண்டு ஜனவரி 24 இரவு, ஜெர்மனியின் கோல்ன் நகரின் ஆபரா அரங்கில். நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தவர் அப்போது பதின்பருவத்தில் இருந்த வேரா பிராண்டஸ். கேட்ட பெரிய பியானோ வரவில்லை. மேடையில் இருந்ததோ ஒத்திகைக்குப் பயன்படும் சிறிய பியானோ. அதன் மேல் ஸ்வரங்கள் கிரீச்சிட்டன, கீழ் ஸ்வரங்களில் வலுவில்லை. ஜாரெட் வாசிக்க மறுத்து, பின்பு மனம் மாறி அமர்ந்தார். நடுப்பகுதிக் கட்டைகளையே சுற்றிச்சுற்றி வந்து, இடக்கையால் ஒரே தாளக்கட்டைத் திரும்பத் திரும்ப வாசித்து, அந்தக் குறையைச் சுற்றியே முழு நிகழ்ச்சியையும் கட்டி எழுப்பினார். கடைசியில் வாசித்த சிறு பகுதியைத் தவிர, முன்கூட்டி எழுதிய ஒரு ஸ்வரம்கூட இல்லை. இப்படிப்பட்ட ஆல்பத்துக்கு நவம்பரில் விழா எடுப்பதில் என்ன பொருள்? ஜனவரி 24-ஐக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 13-ஐயும் குறிக்கலாம். அன்றுதான் 1968-இல் ஜானி கேஷ் ஃபோல்சம் சிறைக் கைதிகளின் முன் பாடினார். அதே நாள் 1972-இல் லாஸ் ஏஞ்சலஸ் தேவாலயம் ஒன்றில் அரீத்தா ஃபிராங்க்ளின் 'அமேசிங் கிரேஸ்' ஆல்பத்துக்கான இரண்டு இரவுப் பதிவைத் தொடங்கினார். நாட்டுப்புறப் பாணியும் தேவாலய இசையும் ஒரே தேதியில் அமைந்த இந்தப் பொருத்தம் வெளியீட்டு நாளை மட்டும் பார்ப்பவர்களுக்குத் தெரியவே வராது.

சில ஆல்பங்களுக்கு வெளியான மாதம் மட்டுமே உறுதியாகத் தெரியும். ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' 1965 ஜனவரியில் வந்தது. ஆனால் அதன் ஒலிப்பதிவு 1964 டிசம்பர் 9 அன்று ஒரே நாளில் முடிந்துவிட்டது. மாதத்தை வைத்துக்கொண்டு திண்டாடுவதைவிட அந்த டிசம்பர் 9-ஐ எடுத்துக்கொள்வது மேல்.

மூன்றாவது படி: தேதியைச் சரிபார்ப்பது

இணையத்தில் கிடைக்கும் முதல் தேதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. பழைய ஆல்பங்களுக்கு 'இந்த நாளில் வெளியிடப்படும்' என்ற முன்னறிவிப்பு பெரும்பாலும் கிடையாது. நிறுவனம் தட்டுகளை அனுப்பும். ஒரு நகரத்தில் இன்றைக்குக் கடைக்கு வரும், இன்னொரு நகரத்தில் அடுத்த வாரம் வரும். பின்னாளில் யாரோ எழுதிய ஒரு தேதி நகல் மேல் நகலாகப் பரவி, உண்மை போலவே நிலைத்துவிடும்.

1966 மே 16 இதற்குப் பெயர்போன உதாரணம். பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்', பாப் டிலனின் 'பிளாண்ட் ஆன் பிளாண்ட்' இரண்டும் ஒரே நாளில் வெளியாயின என்று பல ஆண்டுகளாக ரசிகர்கள் சிலிர்த்துப்போய்ச் சொல்லிவந்தார்கள். பிறகு ஒலிப்பதிவுக் குறிப்புகளை ஆராய்ந்தபோது, டிலனின் ஆல்பத்தில் உள்ள ஒரு பாடலுக்கு ஜூன் மாதத்தில் கூடுதல் ஒலிப்பதிவு நடந்திருப்பது தெரியவந்தது. ஜூனில் பதிவான ஒலி மே மாதம் விற்ற தட்டில் எப்படி இருக்கும்? இப்போது ஜூன் 20 என்ற தேதியே பரவலாக ஏற்கப்படுகிறது. மே 16 'பெட் சவுண்ட்ஸ்' ஒன்றுக்கு மட்டுமே உரியது.

பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்துக்குப் பிரிட்டனில் அறிவிக்கப்பட்ட நாள் 1967 ஜூன் 1. ஆனால் மே 26-ஆம் தேதியே அவசரமாகக் கடைகளுக்கு வந்துவிட்டது. பொன்விழாப் பதிப்பையும் 2017 மே 26 அன்றே வெளியிட்டார்கள். மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' வெளியானது 1982 நவம்பர் 29-ஆ, 30-ஆ என்பதில் நம்பகமான இடங்களிலேயே வேறுபாடு உண்டு. இதுபோன்ற இடங்களில் இரண்டு தேதிகளையும் எழுதிவையுங்கள். ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை.

சரிபார்க்க ஒரு எளிய வழி, கிழமை பார்ப்பது. ஒவ்வொரு நாட்டிலும் இசை வெளியீட்டுக்கு ஒரு வழக்கமான கிழமை இருந்தது. அமெரிக்காவில் 1989 முதல் 2015 வரை செவ்வாய். பிரிட்டனில் அதே காலத்தில் திங்கள். ஜப்பானில் பெரும்பாலும் புதன். 2015 ஜூலை 10 முதல் உலகம் முழுவதற்கும் வெள்ளி என்று ஆக்கினார்கள். ரேடியோஹெட் குழுவின் 'ஓகே கம்ப்யூட்டர்' ஆல்பத்துக்கு 1997-இல் மூன்று தேதிகள் கிடைக்கும்: ஜப்பானில் மே 21, பிரிட்டனில் ஜூன் 16, அமெரிக்காவில் ஜூலை 1. பழைய நாட்காட்டியைப் புரட்டினால் முறையே புதன், திங்கள், செவ்வாய். மூன்றும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. ஆகவே மூன்றுமே சரி. 1990-களின் அமெரிக்க ஆல்பம் ஒன்றுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தேதி போட்டிருந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

அடுத்தது தட்டையே கையில் எடுத்துப் பார்ப்பது. இசைத்தட்டின் லேபிளில், விளிம்பை ஒட்டிய சிறிய எழுத்து வரிசையில், வட்டத்துக்குள் 'பி' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் ஆண்டும் இருக்கும். அந்த ஒலிப்பதிவு முதலில் வெளியான ஆண்டை அது குறிக்கிறது. பக்கத்திலேயே வட்டத்துக்குள் 'சி' இருந்தால் அது அட்டைப்படத்துக்கும் அச்சிட்ட எழுத்துக்கும் உரிய ஆண்டு. இரண்டும் வேறுபட்டால் உங்கள் கையில் இருப்பது மறுபதிப்பு என்று கொள்ளலாம். 'பி' அடையாளம் 1961-இல் கையெழுத்தான சர்வதேச ஒப்பந்தத்தோடு வந்தது; அதற்கு முந்தைய மூலத்தட்டுகளில் அதைத் தேட வேண்டாம். லேபிளுக்கு வெளியே, இசை முடிந்தபின் வரும் வழவழப்பான வளையத்தில் கையால் கீறியதுபோல் சில எண்கள் தெரியும். வெளிச்சத்தைச் சாய்வாக விழச் செய்தால்தான் படிக்க முடியும். எந்த அச்சிலிருந்து அந்தத் தட்டு வார்க்கப்பட்டது என்பதை அவை சொல்லும். இசைத்தட்டுகளின் விவரங்களைத் தொகுத்துவைத்திருக்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் அந்த எண்களைக் கொடுத்துத் தேடினால், உங்கள் பிரதி எந்த நாட்டில் எந்த அச்சு என்பதைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

மியூசிக்பிரெயின்ஸ் என்ற தரவுத்தளம் ஓர் ஆல்பத்தையும் அதன் ஒவ்வொரு நாட்டு வெளியீட்டையும் தனித்தனியாகப் பிரித்துத் தேதி கொடுக்கிறது. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகப் பதிவுகளில் வெளியீட்டு நாள் என்றே ஒரு பத்தி உண்டு. ஆனால் ஒலிப்பதிவுகளுக்கு அந்நாட்டின் கூட்டாட்சிச் சட்டத்தில் காப்புரிமை கிடைத்தது 1972 பிப்ரவரி 15 முதல்தான் என்பதால், அதற்கு முந்தைய ஆல்பங்களுக்கு அந்த வழி உதவாது. அவற்றுக்கு 'பில்போர்டு' போன்ற பழைய துறை இதழ்களைப் புரட்ட வேண்டும். ஓர் ஆல்பம் தரவரிசையில் முதன்முதலாகத் தலைகாட்டிய வாரம் தெரிந்தால், வெளியீடு அதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும் என்ற எல்லையாவது கிடைத்துவிடும்.

ஸ்ட்ரீமிங் செயலிகளில் காட்டும் தேதியை மட்டும் ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். மறுபதிப்பின் ஆண்டு அங்கே நின்றுகொண்டிருக்கும். ஜனவரி 1 என்று இருந்தால், ஆண்டு மட்டும் தெரிந்த ஆல்பத்துக்கு இடத்தை நிரப்பப் போட்ட தேதியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

2007-க்குப் பிறகு இன்னொரு சிக்கல். ரேடியோஹெட்டின் 'இன் ரெயின்போஸ்' அக்டோபர் 10 அன்று, விரும்பிய விலை கொடுத்துப் பதிவிறக்கலாம் என்ற அறிவிப்போடு இணையத்தில் வந்தது. கடைகளில் தட்டாக வந்தது ஆண்டு திரும்பும் நேரத்தில்தான். மக்கள் கேட்கத் தொடங்கிய நாள்தான் ஆல்பத்தின் நாள். அதனால் அக்டோபர் 10.

நான்காவது படி: எந்த ஆண்டைக் கொண்டாடுவது

நடப்பு ஆண்டிலிருந்து 25-ஐயும் 50-ஐயும் 60-ஐயும் கழித்தால் வெள்ளிவிழா, பொன்விழா, வைரவிழா ஆல்பங்கள் வந்துவிடும். உதாரணத்துக்கு 2027 ஜூனை இப்போதே குறித்துவையுங்கள்: 1-ஆம் தேதி (அறிவிக்கப்பட்ட நாளின்படி) 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' வைரவிழா, 3-ஆம் தேதி 'எக்ஸோடஸ்' பொன்விழா, 16-ஆம் தேதி 'ஓகே கம்ப்யூட்டர்' வெளியாகி 30 ஆண்டு.

முழு எண்களை நிறுவனங்களும் கணக்குப் போட்டுக் காத்திருக்கும். சிறப்புப் பெட்டிகள் வரும். சில சமயம் தவறியும் போகும். 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தின் 30-ஆம் ஆண்டுக்கென்று 1996-இல் தயாரான பெட்டி 1997 நவம்பரில்தான் வெளிவந்தது. 50-ஆம் ஆண்டுக்குச் சட்டக் காரணமும் ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் ஒலிப்பதிவுக் காப்புரிமையை 50 ஆண்டிலிருந்து 70 ஆக்கியபோது, பதிவாகி 50 ஆண்டுக்குள் வெளியிடப்படாதவற்றுக்கு அந்த நீட்டிப்பு இல்லை. அதனால் 2012 இறுதியில் டிலனின் பழைய பதிவுகளைச் சுமார் 100 பிரதிகள் மட்டும் அச்சிட்டு ஐரோப்பாவில் வெளியிட்டார்கள். உரிமையைக் காப்பாற்றிக்கொள்ளவே அந்த வெளியீடு.

ஆனாலும் 37-ஆம் ஆண்டு, 41-ஆம் ஆண்டு போன்ற வெறும் எண்களைக் கைவிடாதீர்கள். விளம்பரமும் கட்டுரைகளும் இல்லாத அந்த ஆண்டுகளில்தான் ஓர் ஆல்பத்தை அமைதியாகக் கேட்க முடிகிறது.

ஐந்தாவது படி: எந்தப் பதிப்பைக் கேட்பது

ரீமாஸ்டர், ரீமிக்ஸ் இரண்டையும் பலர் ஒன்றெனவே நினைக்கிறார்கள். ரீமாஸ்டர் என்றால், ஏற்கெனவே கலந்து முடித்த மூல ஒலிநாடாவை எடுத்து அதன் ஒலியளவையும் தெளிவையும் சீர்செய்வது. ரீமிக்ஸ் என்றால் குரல், கிட்டார், டிரம்ஸ் என்று தனித்தனித் தடங்களுக்கே திரும்பிப் போய், அவற்றை மறுபடி கலப்பது. முதலாவதில் நீங்கள் கேட்பது அதே ஆல்பம். இரண்டாவதில் கேட்பது அதே பாடல்களின் புதிய தீர்மானங்கள். ஆண்டு நிறைவு நாளில் முதலில் பழைய கலவையைக் கேளுங்கள். மறுகலவை அடுத்த நாளுக்கு இருக்கட்டும்.

1960-களின் நடுப்பகுதி ஆல்பங்களுக்கு ஒரே ஒலிவழியான மோனோவா, இடம் வலம் என இரு வழியான ஸ்டீரியோவா என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. பீட்டில்ஸ் குழுவினர் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்தின் மோனோ கலவைக்குத்தான் நேரமும் கவனமும் கொடுத்தார்கள். ஸ்டீரியோ கலவை பின்னர் விரைவாக முடிக்கப்பட்டது. இசைத் தயாரிப்பாளர் ஜைல்ஸ் மார்ட்டின் 2017-இல் புதிய ஸ்டீரியோ கலவை செய்தபோதும் மோனோவையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டார். 'பெட் சவுண்ட்ஸ்' மோனோவில் மட்டுமே வந்தது. முழுமையான ஸ்டீரியோ வடிவம் 1997 பெட்டியில்தான் முதன்முதலாகக் கிடைத்தது. இந்த இரண்டையும் மோனோவில் ஒருமுறையாவது கேளுங்கள்.

'கைண்ட் ஆஃப் புளூ' கதை இன்னும் சுவையானது. 1959 மார்ச் 2 அன்று முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளைப் பதிவுசெய்தபோது, ஒலிநாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய நாடாவைச் சரியான வேகத்தில் ஒலிக்கவிட்டால் சுருதி ஏறிவிடும். ஆக, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் முழுவதும் கேட்டது சற்றே சுருதி உயர்ந்த முதல் பக்கத்தை. தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகிய இசைக்கலைஞர்களுக்குத் தங்கள் கருவியின் சுருதி ஒட்டாத காரணம் புரிந்திருக்காது. இன்னோர் இயந்திரத்தில் பதிவான நாடாவைக் கொண்டு 1992-இல் திருத்தினார்கள். பழைய தட்டு வைத்திருப்பவர்கள் முதல் உருப்படியைத் தட்டிலும் இன்றைய பதிப்பிலும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். காது பழகியவர்களுக்கு வேறுபாடு நன்றாகவே தெரியும்.

கூடுதல் பாடல்களை அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். ஆல்பத்தின் கடைசிப் பாடல் கடைசியாகவே இருக்க வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. நிர்வானாவின் 'நெவர்மைண்ட்' மட்டும் இதில் விதிவிலக்கு. கடைசிப் பாடல் முடிந்து சுமார் பத்து நிமிட நிசப்தத்துக்குப் பிறகு, அட்டையில் குறிப்பிடாத ஒரு பாடல் வெடித்துக் கிளம்பும். முதலில் அச்சான பிரதிகளில் அது தவறுதலாக விடுபட்டுப்போனது. அது இருக்கும் பதிப்பா, இல்லாத பதிப்பா என்று பார்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

சில ஆல்பங்கள் பல ஆண்டுகள் கேட்கவே கிடைக்காமல் இருந்தன. டி லா சோல் என்ற ராப் குழுவின் 1989 ஆல்பத்தில் பிற பாடல்களிலிருந்து எடுத்தாண்ட ஒலித்துணுக்குகள் ஏராளம். அவற்றுக்கான அனுமதிச் சிக்கலால் 2023 மார்ச் 3 வரை அது ஸ்ட்ரீமிங்கில் வரவில்லை. வந்தபோது குழுவின் மூவரில் ஒருவரான டேவிட் ஜோலிகோர் உயிரோடு இல்லை. சில வாரங்களுக்கு முன்புதான் மறைந்திருந்தார். பிடித்த ஆல்பத்தின் தட்டோ சிடியோ கையில் இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

ஆறாவது படி: கேட்பது

செயலியில் கலைத்துப்போடும் வசதியை நிறுத்துங்கள். ஒரு பாடலின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒன்றன்மேல் ஒன்று கரையும் அமைப்பையும் நிறுத்துங்கள். இடைவெளி இல்லாமல் ஒலிக்கும் வசதி இருந்தால் அதை மட்டும் இயக்குங்கள். 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' பாடல்களுக்கு நடுவே வழக்கமான இடைவெளியே கிடையாது. அரை விநாடி மௌனம் புகுந்தாலும் அந்த ஆல்பத்தின் கட்டுமானம் குலைந்துவிடும்.

பக்கம் திருப்பும் இடத்தை மதியுங்கள். நீளிசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் 22 நிமிடம். அந்த அளவுக்குள்தான் ஒரு தலைமுறை இசைக்கலைஞர்கள் சிந்தித்தார்கள். முதல் பக்கத்தின் கடைசிப் பாடல் ஒரு முடிவு. இரண்டாம் பக்கத்தின் முதல் பாடல் ஒரு புதிய தொடக்கம். ஸ்ட்ரீமிங்கில் கேட்டாலும் அந்த இடத்தில் நிறுத்தி, எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்து தொடருங்கள். 'கோல்ன் கான்சர்ட்' இதற்கு நேர்மாறு. ஜாரெட் நிறுத்தாமல் வாசித்த இரண்டாம் பகுதியைத் தட்டுக்குள் அடக்க முடியாமல் இரண்டாக வெட்டினார்கள். அங்கே நிறுத்தாதீர்கள்.

முதல்முறை கேட்கும்போது கையில் எதுவும் வேண்டாம். வரிகள், விமரிசனங்கள், அட்டைக் குறிப்புகள் எல்லாம் இரண்டாம் முறைக்கு.

ஏழாவது படி: பெயர்களைப் படிப்பது

இரண்டாம் முறை கேட்கும்போது, யார் எதை வாசித்தார்கள் என்ற பட்டியலைக் கையில் எடுங்கள். ஓர் ஆல்பத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழி அங்கேதான் இருக்கிறது. 'வாட்ஸ் கோயிங் ஆன்' அட்டையில்தான் மோட்டவுன் நிறுவனத்தின் நிலையக் கலைஞர்களான ஃபங்க் பிரதர்ஸ் பெயர்கள் முதன்முறையாக அச்சாயின. அதுவரை எத்தனையோ வெற்றிப் பாடல்களில் வாசித்தவர்களுக்கு அட்டையில் பெயரே இல்லை. ஆண்டு நிறைவன்று பாடகரைப் பற்றி மட்டும் பேசினால், அந்த அநியாயத்தை நாமும் தொடர்கிறோம் என்றுதான் பொருள்.

ராக், ஃபங்க், ராப் மூன்றிலும் முக்கியமான ஆல்பங்கள் ஒரே நாளில் வந்த தேதி 1991 செப்டம்பர் 24. 'நெவர்மைண்ட்', ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸின் 'பிளட் சுகர் செக்ஸ் மேஜிக்', எ டிரைப் கால்டு குவெஸ்டின் 'தி லோ எண்ட் தியரி' மூன்றும் அன்று வெளியாயின. மூன்றாவதில் ஒரு பாடலில் டபுள் பேஸ் வாசித்திருப்பவர் ரான் கார்ட்டர். 1960-களில் மைல்ஸ் டேவிஸின் ஐவர் குழுவில் இருந்த அதே கார்ட்டர். அங்கிருந்து டேவிஸிடம் போகலாம். டேவிஸ் 'கைண்ட் ஆஃப் புளூ' பதிவுசெய்த நியூயார்க் 30-ஆம் தெரு ஒலிப்பதிவுக்கூடம் முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். கிளென் கோல்டு 'கோல்ட்பெர்க்' வாசித்ததும் அங்கேதான். ராப் இசையில் தொடங்கி இரண்டே எட்டில் பாக்கிடம் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

கோல்டு 1981-இல் அதே கூடத்துக்குத் திரும்பி அதே இசையை மறுபடி பதிவுசெய்தார். முதல் பதிவு 38 நிமிடம், இது 51. அந்த ஆல்பம் வெளியான சில நாட்களில், 1982 அக்டோபர் 4 அன்று, 50 வயதில் இறந்துபோனார். இரண்டையும் ஒரே மாலையில் கேட்கும் வாய்ப்பை யாரும் தவறவிட வேண்டாம். மெதுவாகத் தொடங்கும் இரண்டாவது பதிவின் முதல் ஸ்வரங்களிலேயே 26 ஆண்டுகளின் தூரம் தெரிகிறது.

எட்டாவது படி: எழுதுவது, பகிர்வது

எழுத நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். எந்த நாட்டு வெளியீட்டை வைத்து எழுதுகிறீர்கள் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். 'காலத்தை வென்ற', 'அழியாப் புகழ்' போன்ற அடைமொழிகளை நீக்கிவிட்டு, ஒரு பாடலில் ஒரு கணத்தை எடுத்து அங்கே என்ன நடக்கிறது என்று எழுதுங்கள்; எந்த நிமிடத்தில் வருகிறது என்பதையும் குறிப்பிட்டால் படிப்பவர் உடனே போய்க் கேட்பார். பாடல் வரிகளை முழுதாக எடுத்துப் போடாதீர்கள், அவை இன்னொருவர் உடைமை.

மறைவு நாளோடு ஒட்டி வரும் ஆல்பங்களில் கூடுதல் கவனம் வேண்டும். டேவிட் போவியின் 'பிளாக்ஸ்டார்' 2016 ஜனவரி 8, அவருடைய 69-ஆவது பிறந்தநாளன்று வெளியானது. 10-ஆம் தேதி அவர் மறைந்தார். அந்த இரண்டு நாள் இடைவெளியில் அதைக் கேட்டவர்களுக்கு அது ஒரு புதிய ஆல்பம் மட்டுமே. 8-ஆம் தேதி எழுதுவது இசையைப் பற்றியதாக இருக்கட்டும். அஞ்சலியை 10-ஆம் தேதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

நாட்காட்டியில் ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் அதற்கான ஆதாரத்தை ஒரு வரியில் எழுதிவையுங்கள்: துறை இதழா, காப்புரிமைப் பதிவா, தட்டின் லேபிளா, வெறும் செவிவழிச் செய்தியா. செவிவழி என்று குறித்தவற்றை ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துத் தேடிப் பாருங்கள். பழைய இதழ்கள் தொடர்ந்து மின்வடிவம் பெற்றுவருவதால் புதிய சான்று கிடைத்துக்கொண்டே இருக்கிறது. வலுவான சான்று கிடைத்தால், 'பிளாண்ட் ஆன் பிளாண்ட்' மே மாதத்திலிருந்து ஜூனுக்குப் போனது போல, தயங்காமல் தேதியை மாற்றுங்கள். பழைய தேதியை அழிக்காமல் பக்கத்திலேயே விட்டுவையுங்கள்.